ஹார்பின் குளிரில் டாக்டர் வூவைத் தேடி

ஞாயிறு

பெய்ஜிங்கில் அதிவேக ரயில் ஏறினால் ஐந்து மணி நேரத்தில் ஹார்பின். ஷென்யாங் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த பழுப்பு நிலம்தான். மக்காச்சோளம் அறுத்த தட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சாங்சுன் நெருங்க நெருங்க அந்தத் தட்டைகளுக்கு நடுவே வெண்மை படிய ஆரம்பித்தது. அதன் பிறகு வயல் எது, ஆறு எது, சாலை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஹார்பின் போகிறோம் என்றதும் எங்கள் ஊரான மலேசிய ஈப்போவில் கேட்டவர்கள் எல்லாரும், "ஐஸ் கோட்டை பார்க்கவா?" என்றார்கள். மகள் வருவது அதற்குத்தான். சீனப்பள்ளியில் படித்தவள், மாண்டரின் தண்ணீராக ஓடும். அவள் துணையில்லாமல் நான் இந்தப் பயணத்துக்குத் துணிந்திருக்க மாட்டேன். எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது: டாக்டர் வூ லியன் தே.

1879இல் பினாங்கில் பிறந்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1896இல் அரசியின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். 1910 டிசம்பரில், 31 வயதில், கொள்ளைநோயால் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த ஹார்பினுக்கு வந்து இறங்கினார். பிற்காலத்தில் மலாயாவுக்கே திரும்பி, எங்கள் ஈப்போவில் கிளினிக் நடத்தினார். அவர் நிதி திரட்டித் தொடங்கிய பேராக் நூலகம்தான் இன்றைய துன் ரசாக் நூலகம். பள்ளி நாட்களில் நானும் என் அண்ணனும் புத்தகம் இரவல் வாங்கியது அங்கேதான். பிறகு தாதி வேலைக்குச் சேர்ந்தேன். கொரோனா வார்டில் முகக்கவசத்தோடு வருடக்கணக்கில் நின்ற காலத்தில், மூத்த மருத்துவர் ஒருவர், ஹார்பினில் டாக்டர் வூ எல்லாரையும் கவசம் அணியச் சொன்ன கதையைச் சொன்னார். அன்று முதல் ஹார்பினைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

இறங்கினோம். மைனஸ் 22 டிகிரி. முதல் மூச்சிலேயே மூக்கினுள் இருக்கும் ஈரம் உறைந்து குத்துகிறது. "அம்மா, வாயால மூச்சு விடாதீங்க, மூக்கால விடுங்க" என்று மகள் சொல்லும்போதே அவள் சால்வையின் விளிம்பில் வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது.

மலேசியாவுக்கும் ஹார்பினுக்கும் கடிகாரத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிட்டது. இவ்வளவு பெரிய நாடு முழுக்க ஒரே நேரம்; ஹார்பினோ கிழக்குக் கோடியில், வடக்கே 45 பாகைக்கு மேல் இருக்கிறது.

வெளியே எவ்வளவு குளிரோ உள்ளே அவ்வளவு கதகதப்பு. அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை ஆறு மாதங்களுக்கு நகரம் முழுவதும் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. பெரிய கொதிகலன் நிலையங்களில் காய்ச்சிய நீர் நிலத்தடிக் குழாய் வழியாக வீடு வீடாகப் போகிறது. விடுதி அறையில் அரைக்கை சட்டையோடு இருக்கலாம். கடை வாசல்களில் இரட்டைக் கதவு, அதற்கு முன்னால் மெத்தை போல் தடித்த திரை. உள்ளே காற்று அநியாயத்துக்கு வறண்டிருக்கிறது. விடுதி வரவேற்பறையில் இருந்த அம்மாள், "ராத்திரி ஈரத்துண்டைச் சூட்டுக்குழாய் மேல போட்டு வைங்க, தொண்டை வறளாது" என்று சொல்லியனுப்பினார். உண்மைதான். காலையில் துண்டு மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

திங்கள்

இந்த ஊரே ரயிலால் பிறந்தது. 1898இல் ரஷ்யர்கள் விளாடிவோஸ்டோக்குக்குக் குறுக்குவழியாக மஞ்சூரியா என்ற இந்த வடகிழக்குச் சீன நிலத்தின் நடுவே இருப்புப்பாதை போட வந்தபோது, சோங்ஹுவா ஆற்றங்கரையில் இருந்த சிறு கிராமங்கள் நகரமாயின. பின்னால் 1917 புரட்சிக்குத் தப்பி வந்த ரஷ்யர்கள், யூதர்கள் என்று பல நாட்டவர் குடியேறினார்கள். ஜோங்யாங் வீதியில் நடந்தால் அது தெரிகிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நடைவீதி, இரு பக்கமும் ஐரோப்பியக் கட்டடங்கள். 1924இல் பதித்த கல் பாதை. செவ்வகக் கருங்கற்களை நட்டக்குத்தலாக இறக்கியிருக்கிறார்கள். நாம் மிதிப்பது கல்லின் உச்சந்தலையை மட்டும்தான். உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது. நூறு வருட வண்டிப் போக்குவரத்துக்கும் பனிக்கும் அசையாமல் நிற்கக் காரணம் அதுதான்.

வீதியோரத்தில் ஐஸ்கிரீமைக் குளிர்பெட்டி இல்லாமல் அட்டைப்பெட்டியிலேயே வைத்து விற்கிறார்கள். மோடர்ன் ஹோட்டலின் பால் ஐஸ் குச்சிக்கு வரிசை நீள்கிறது. 1906 என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். உருகிக் கையில் வழியுமே என்ற அவசரம் இல்லாததால் நிதானமாகக் கடித்துச் சாப்பிட முடிகிறது. பால் வாசம் தூக்கலாக, இனிப்பு குறைவாக, நன்றாக இருந்தது.

செயின்ட் சோஃபியா தேவாலயம் அருகில்தான். 1907இல் மரத்தில் எழும்பியது. இப்போது நிற்கும் செங்கல் கட்டடம் 1923இல் தொடங்கி 1932இல் முடிந்தது. பச்சை வெங்காயக் கோபுரத்தின் மேல் அன்று பனித்தூள் படிந்திருந்தது. பண்பாட்டுப் புரட்சி காலத்தில் மூடிக் கிடங்காக்கிவிட்டார்கள். 1997இல் சீர் செய்து கட்டடக்கலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வாசலில் ரஷ்ய இளவரசி வேடத்தில் இளம்பெண்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் தடித்த கோட்டைத் தோழியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஐந்தாறு படங்களுக்குச் சிரித்துவிட்டு ஓடி வந்து கோட்டுக்குள் புகுந்துகொள்கிறாள். பிறகு மறுபடியும் போகிறாள்.

வீதி முடிகிற இடத்தில் வெள்ளத் தடுப்பு நினைவுத் தூண். 1957 வெள்ளத்தை ஊரே திரண்டு அணைபோட்டுத் தடுத்ததற்காக 1958இல் எழுப்பியது. அதைத் தாண்டிப் படி இறங்கினால் ஆறு. ஆற்றின் மேல் நடக்கிறோம் என்று கால் நம்ப மறுக்கிறது. குதிரை வண்டி ஓடுகிறது, பிள்ளைகள் சறுக்குப் பலகையில் போகிறார்கள், ஒரு தாத்தா சாட்டையால் விளாசிப் பம்பரம் சுழற்றுகிறார். சில இடங்களில் பனித்தூளைப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. உள்ளே வெள்ளை விரிசல்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, நடுவில் காற்றுக் குமிழிகள் தட்டுத்தட்டாக உறைந்து நிற்கின்றன. கையுறையைக் கழற்றித் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது, மெல்லப் பிரித்தெடுத்தேன்.

கைப்பேசி படம் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிட்டது. பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தும் குளிரில் மின்கலம் கைவிட்டுவிடுகிறது. சட்டைப்பைக்குள் ஒட்டும் சூட்டுப்பட்டையோடு சேர்த்து வைத்திருந்தால் உயிர் வருகிறது.

இரவு சாப்பாட்டுக்கு எனக்கு வசதியாக ஒன்று கிடைத்தது. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் பொரித்துப் பூண்டும் சோயாவும் போட்டுப் புரட்டும் தீசான்ஷியன். வடகிழக்குச் சீனர்களின் அன்றாடக் கறி. மாடு சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளலாம். மகள் குவோபாவ்ரோ சாப்பிட்டாள். பன்றி இறைச்சித் துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்து, புளிப்பும் இனிப்புமாகப் பாகு ஊற்றுவது. இந்த ஊரில் உருவான பதார்த்தம்; சீன அதிகாரியின் மாளிகைச் சமையல்காரர் வெளிநாட்டு விருந்தாளிகளின் நாக்குக்காக இனிப்புப் புளிப்பாக மாற்றினார் என்கிறார்கள்.

கடைசியில் உறைந்த பேரிக்காய் வந்தது. கன்னங்கறேலென்று, அடுப்பில் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. பனியில் போட்டுவைத்து உறைந்து இளகி மறுபடி உறைந்து இந்த நிறம் வருகிறது. அதை அப்படியே கடிக்க முடியாது, கல். பரிமாறுகிற பெண் பச்சைத்தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். காயின் குளிரைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள, காயைச் சுற்றி ஐஸ் கூடு ஒன்று கட்டுகிறது. உள்ளே காய் மெத்தென்று ஆகிவிடுகிறது. கூட்டைத் தட்டி உடைத்து, தோலில் ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். முதலில் ஜில்லென்ற சாறு, பிறகு லேசாகப் புளித்த வாசம், பிறகு நாரோடு இனிப்பு. புதுக் காய்கறியே கிடைக்காத பழைய குளிர்காலங்களில் இங்குள்ள வீடுகளுக்கு இதுதான் பழம். எனக்கு இந்த ஊரில் ஆகப் பிடித்த தின்பண்டம் இதுவே.

செவ்வாய்

இன்று ஐஸ் பனிப் பேருலகம், எல்லாரும் கேட்ட அந்த ஐஸ் கோட்டை. நாங்கள் போனபோது நுழைவுச்சீட்டு 328 யுவான், நம் காசுக்கு ஏறக்குறைய 200 வெள்ளி (ரிங்கிட்). பிற்பகல் மூன்று மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். எல்லாரும் விளக்கு வெளிச்சத்துக்காக இருட்டில் வருகிறார்கள், ஆனால் ஐஸை ஐஸாகப் பார்க்கப் பகல் வேண்டும். வெயில் சாய்வாக விழும்போது சுவர்கள் வெளிர்பச்சையாக ஒளிர்கின்றன. ஆற்றில் பிடித்த சருகு ஒன்று ஒரு கட்டிக்குள் அப்படியே இருந்தது.

நாங்கள் போன 2025 ஜனவரியில் 10 லட்சம் சதுர மீட்டர் பரப்பு, 3 லட்சம் கன மீட்டர் ஐஸும் பனியும். அதற்கு அடுத்த மாதம் ஆசியக் குளிர்கால விளையாட்டுகள் இங்கே நடக்கவிருந்ததால் எங்கு பார்த்தாலும் அதன் சின்னமான இரண்டு புலிக்குட்டிகள். ஐஸ் முழுவதும் சோங்ஹுவா ஆற்றிலிருந்து வருவது. டிசம்பரில் ஆறு கெட்டியானதும் ரம்பத்தால் அறுத்து, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கட்டிகளாகக் கரையேற்றுகிறார்கள். அதற்கு முன்பே வேலையைத் தொடங்குவதற்காக, போன குளிர்காலத்து ஐஸைக் கனத்த போர்வைகளால் மூடிக் கோடை முழுவதும் உருகாமல் காத்து வைக்கவும் பழகியிருக்கிறார்கள்.

படிக்கட்டு ஒன்றில் உடைந்த விளிம்பைத் தொழிலாளி ஒருவர் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தோம். உளியால் பழைய விளிம்பைச் சமமாகச் செதுக்கினார். புதுத் துண்டைப் பொருத்திப் பார்த்து, இரண்டு தடவை இழைத்து, மறுபடி பொருத்தினார். பிறகு கெட்டிலில் இருந்த தண்ணீரை மெதுவாக இடுக்கில் ஊற்றினார். சிமெண்டு கிடையாது, பசை கிடையாது. தண்ணீர் இடுக்கில் இறங்கும்போதே வெளுத்துவிட்டது. இருபது எண்ணுவதற்குள் அவர் அதன் மேல் ஏறி நின்றார். மகள் பேச்சுக் கொடுத்தாள். கோடையில் கிராமத்தில் மக்காச்சோளம் போடுகிறவராம், நிலம் உறைந்த பின் இங்கே வருகிறாராம். "பிப்ரவரி கடைசியில வெயில் ஏறிடும். எல்லாம் உருகும். அதுக்கப்புறம் ஊருக்குப் போய் விதைப்புதான்" என்றார். உருகுகிறதே என்ற வருத்தம் அவர் குரலில் துளியும் இல்லை. அடுத்த விளிம்புக்கு நகர்ந்துவிட்டார்.

இதற்கெல்லாம் மூலம் எளிமையானது. முன்பு மீனவர்களும் வண்டிக்காரர்களும் வாளியில் தண்ணீரை உறையவைத்து, நடுவில் உறையாத நீரைக் கொட்டிவிட்டு, அந்தக் குழிக்குள் மெழுகுவத்தி வைப்பார்கள். காற்றில் அணையாத விளக்கு. 1963இல் ஜாவ்லின் பூங்காவில் அந்த விளக்குகளை நூற்றுக்கணக்கில் செய்து விழாவாக்கினார்கள். 1985 முதல் ஒவ்வொரு ஜனவரி 5ஆம் தேதியும் பனி விழா தொடங்குகிறது. இந்தப் பேருலகம் 1999இல் வந்தது. மெழுகுவத்திக்குப் பதில் இப்போது கட்டிகளுக்கு நடுவே எல்இடி பட்டைகள்.

நாலே காலுக்கு விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஒரே குரலில் ஆரவாரித்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஐஸ் தன் நிறத்தை இழந்துவிடுகிறது. எனக்குப் பகல் கோட்டையே பிடித்தது. மகளுக்கு நேர்மாறு. 500 மீட்டருக்கு மேல் நீளும் சறுக்குமரத்துக்கு வெகுநேரம் வரிசையில் நின்று, இறங்கி, கண்ணீர் இமையில் உறைந்த முகத்தோடு ஓடி வந்து, "அம்மா, இன்னொரு வாட்டி!" என்றாள்.

புதன்

தாவ்வாய் வட்டாரம். சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் வராத பக்கம். பழைய பெயர் ஃபூஜியாடியன். ரஷ்யர்கள் தங்களுக்கு அகல வீதிகள் அமைத்துக்கொண்டபோது, ஷான்டோங் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த சீனக் கூலிகள் ஒடுங்கிக் குடியிருந்த இடம் இது. இன்றுள்ள கட்டடங்களின் முகப்பு ஐரோப்பியப் பாணி, அதில் செதுக்கியிருப்பதோ மாதுளையும் பியோனிப் பூவும். வளைவுக்குள் நுழைந்தால் சீன முற்றம், மரப்படிக்கட்டு, மரத்தாழ்வாரம்.

1910 குளிர்காலத்தை இங்கே நின்றுகொண்டு நினைத்துப் பாருங்கள். மங்கோலியப் புல்வெளியில் தார்பகன் என்றொரு விலங்கு, கீரியைவிடப் பெரியது, வளையில் வாழ்வது. அதன் தோலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதால் பழக்கமில்லாத ஆட்களும் வேட்டையில் இறங்கினார்கள். பரம்பரை வேட்டைக்காரர்கள் நோய்ப்பட்ட விலங்கைத் தொட மாட்டார்கள். புதியவர்களுக்கு அது தெரியாது. எல்லை ஊரான மஞ்சூலியில் நோய் வெடித்தது. ரயில் அதை ஹார்பினுக்குக் கொண்டுவந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஒரே செங்கல் மேடையில் நெருக்கியடித்துத் தூங்கும் கூலிகளின் சத்திரங்களில் அது தீயாகப் பரவியது. புத்தாண்டுக்குச் சொந்த ஊர் திரும்பும் கூட்டமோ ரயிலில் புறப்படத் தயாராக இருந்தது.

டிசம்பர் 24ஆம் தேதி டாக்டர் வூ வந்து இறங்கினார். சில நாட்களில், இறந்துபோன ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை ரகசியமாக அறுத்துச் சோதித்தார். சடலத்தை அறுப்பதை அன்றைய சீன வழக்கம் ஏற்காது. நுண்ணோக்கியில் பிளேக் கிருமி தெரிந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இது நுரையீரலில் குடியேறி மூச்சு வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்று சொன்னார். சுவாசத்தைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம். பருத்தித் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து மடித்து, முனைகளைக் கிழித்து நாடாவாக்கித் தலைக்குப் பின்னால் கட்டும் கவசத்தை எல்லாரும் அணியச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், பிளேக்கில் அனுபவம் மிக்கவர், இளைஞரின் பேச்சை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அவரே இறந்துபோனார். அதற்குப் பிறகு ஊர் முழுக்கக் கவசம் ஏறியது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து சற்று நடந்தால் பாவ்ஜாங் வீதியில் அவர் நினைவகம். சிறிய கட்டடம், வடமஞ்சூரியக் கொள்ளைநோய்த் தடுப்புச் சேவைக்காக அவர் அமைத்த அலுவலக இடம். எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள். காவலுக்கு இருந்த பெரியம்மாள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மலேசியா, ஈப்போ என்று மகள் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, "வூ டாக்டரோட ஊர்க்காரங்க வந்திருக்காங்க!" என்றார். ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் அம்மாவும் அப்பாவும் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள்; நான் அவருடைய ஊர்க்காரி என்பது எவ்வளவு இயல்பாக அந்த அறையில் ஏற்கப்பட்டது என்பதை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது.

ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வெள்ளை அங்கியும் கவசமுமாகத் தொண்டர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. கவசத்தின் மேல் விளிம்பு மூக்கெலும்பில் சரியாக உட்காராமல் ஒருவருக்குக் கண்ணுக்குக் கீழே இடைவெளி விட்டிருக்கிறது. அந்த இடைவெளியை எத்தனை தடவை விரலால் அழுத்தி மூடியிருக்கிறேன், புதிதாக வந்த தாதிகளுக்கு எத்தனை தடவை அழுத்திக் காட்டியிருக்கிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனிதரின் கவசத்தையும் சரிசெய்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

அவர் செய்ததிலேயே கடினமானது கவசம் இல்லை. நிலம் ஆழம் வரை உறைந்துபோயிருந்ததால் புதைக்க முடியாமல், ஊருக்கு வெளியே சவப்பெட்டிகள் நீண்ட வரிசையாகக் கிடந்தன. பெட்டி தீர்ந்த பிறகு உடல்கள் வெறுமனே, எந்த நிலையில் இறந்தார்களோ அந்த நிலையில் உறைந்து கிடந்தன. 2,000க்கு மேல். எரித்துவிட வேண்டும் என்றார் டாக்டர் வூ. நமக்குத் தகனம் சடங்கின் முடிவு, சாம்பலைக் கரைத்தால் மனசு ஆறும். அவர்களுக்கோ முழு உடலாக மண்ணுக்குள் போனால்தான் முன்னோரோடு சேர முடியும், பிள்ளைகள் சிங்மிங் நாளில் வந்து கும்பிட முடியும். எரிப்பது செத்தவரை அவமதிப்பது. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி, அரசவைக்குத் தந்தி அடித்து, அனுமதிக்காகக் காத்திருந்தார். அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள்.

அந்த இடத்தில் எனக்குக் கொரோனா வார்டு ஞாபகம் வந்துவிட்டது. கடைசி முகம் பார்க்க முடியாமல், பைக்குள் மூடிய உடலை வாங்கிப்போன குடும்பங்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று, "ஒரு தடவை திறந்து காட்டுங்கம்மா" என்று கேட்ட மகனுக்கு முடியாது என்று சொன்னது நான்தான். அந்த உத்தரவு சரியானது என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும். சரியானதைச் சொல்வதற்கு என்ன விலை என்பது அந்த 31 வயது மருத்துவருக்கும் தெரிந்திருக்கும்.

தகனத்துக்குப் பிறகு சாவு எண்ணிக்கை இறங்கியது. ஊரை நான்கு பகுதியாகப் பிரித்து வீடு வீடாகத் தேடினார்கள். நோயாளிகளோடு பழகியவர்களை ரஷ்யர்களிடம் கேட்டு வாங்கிய 120 ரயில் பெட்டிகளில் தனியே வைத்தார்கள். மார்ச் 1ஆம் தேதி கடைசி நோயாளி. மஞ்சூரியா முழுவதுமாக ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர் பிழைத்ததே இல்லை எனலாம். தடுத்தது மட்டுமே மருத்துவம். 1926இல் அவர் இங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கினார். 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1960 ஜனவரி 21இல் பினாங்கில் காலமானார்.

கிளம்பும்போது பெரியம்மாள் வாசல் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க ஊர்ல அவர் பேர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். ஈப்போவில் ஒரு சாலை, பினாங்கில் ஒரு குடியிருப்பு, அவர் படித்த பள்ளியில் ஒரு மாணவர் இல்லம் என்று மகள் சொன்னாள். நூலகத்தைப் பற்றியும் சொல்லச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வியாழன்

பிங்ஃபாங். நகரின் தெற்கே, ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் படைப்பிரிவு செய்த கொடுமைகளுக்கான சாட்சியக் கூடம். அனுமதி இலவசம். கறுப்புக் கட்டடம், 2015இல் திறந்தது. பின்னால் பனிக்குள் கொதிகலன் கூடத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. 1945 ஆகஸ்டில் தோற்று ஓடும்போது ஜப்பானியர் குண்டு வைத்து இடித்ததில் மிஞ்சியவை.

இங்கே இஷீ ஷிரோ என்ற ராணுவ மருத்துவரின் கீழ் உயிரோடு மனிதர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். குறைந்தது 3,000 பேர். பிளேக் தெள்ளுப்பூச்சிகளை வளர்த்தார்கள். இந்தக் குளிரையே கருவியாக்கி, கைதிகளின் கைகளை வெளியே நீட்டவைத்து, நனைத்து, உறையவைத்துப் பார்த்தார்கள். கைதிகளுக்குப் பெயர் கிடையாது, 'மரக்கட்டை' என்றே குறித்தார்கள். சோதனைக் குறிப்புகளுக்கு ஈடாக அமெரிக்கா இஷீயையும் மற்றவர்களையும் வழக்கிலிருந்து விட்டுவிட்டது.

அவர்களும் மருத்துவம் படித்தவர்கள். டாக்டர் வூ தடுத்த கிருமியை, அதே ஊரில், முப்பது ஆண்டுக்குள் இவர்கள் ஆயுதமாக வளர்த்தார்கள். மருத்துவத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஹார்பினில் இந்த இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

வெள்ளி

விடியற்காலை ஹோங்ஜுவான் வீதிச் சந்தை. இருட்டு விலகும் முன்பே கூட்டம். எண்ணெய்ச் சட்டியிலிருந்தும் ஆவிக்கூடைகளிலிருந்தும் எழும் புகை தெருவையே மூடிவிட்டது. பத்தடி முன்னால் இருப்பவர் தெரியவில்லை. மீன்கள் விறகுக் கட்டைகளாக அடுக்கியிருக்கின்றன, ஈ இல்லை, வாடை இல்லை. பயறு பூரணம் வைத்த மஞ்சள் கொழுக்கட்டைகள் வாங்கினோம். சூடாகக் கையில் வாங்கியது வாய்க்குப் போவதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது.

பிறகு 1901இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் ஆற்றைக் கடந்தோம். ஒரு கிலோமீட்டர் நீளம், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். பக்கத்துப் புதுப் பாலத்தில் அதிவேக ரயில் போகும்போது இரும்பு அதிர்கிறது. 1910 நோயும் டாக்டர் வூ காலத்து ஜனங்களும் கடந்த தண்டவாளம் இது என்று மகளிடம் சொன்னேன். "அப்போ ரயிலை நிறுத்தியிருந்தா?" என்று கேட்டாள். நிறுத்தவும்தான் செய்தார்கள், கூலிகள் பயணம் தடுக்கப்பட்டது, அதுவும் நோய் அடங்க ஒரு காரணம்.

கரையோரம் ஐஸை வெட்டி எடுத்துக் குளம் போல் ஆக்கியிருக்கிறார்கள். அறுபது வயது தாண்டியவர்கள் நீச்சலுடையில் மேடையேறிக் குதிக்கிறார்கள். கரையேறிய ஓர் அம்மாளின் தலைமயிர் ஏணியில் கால் வைப்பதற்குள் விறைத்துவிட்டது. உடம்பெல்லாம் சிவந்து ஆவி பறக்கிறது. என் வயதை மகளிடம் கேட்டு, ஐம்பத்தெட்டு என்றதும், "சின்னப் பிள்ளைதானே, அடுத்த வருஷம் வந்து குதிக்கச் சொல்லு" என்றார். நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தோம்.

இங்கே வர நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். மலேசியர்களுக்கு இப்போது விசா வேண்டாம். பணத்துக்கு நம் டச் என் கோ மின்பணப்பையே கடைகளில் செல்கிறது. உடையை ஒரே தடிக் கோட்டாக வாங்காமல் அடுக்கடுக்காகப் போடுங்கள், உள்ளே போனதும் கழற்ற வேண்டியிருக்கும். காலணி மட்டும் இங்கே வந்து வாங்குங்கள். அடிப்பாகம் தடித்த, உள்ளே ரோமம் வைத்த காலணி மலிவு. ஒரு அளவு பெரிதாக எடுங்கள், இரண்டு காலுறை போட இடம் வேண்டும். ஒட்டும் சூட்டுப்பட்டையை நேரே தோலில் ஒட்டாதீர்கள், புண்ணாகும். கண்ணாடி அணிபவர்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று துடைத்துவிட்டு நடங்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்களன்று மூடியிருக்கும், எல்லா இடத்துக்கும் கடப்பிதழ் கேட்கிறார்கள். ஐஸ் கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தாவ்வாய்க்கும் ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். நினைவகத்தில் ஈப்போ, பினாங்கு என்று சொல்லிப் பாருங்கள்.